திங்கட்கிழமைச் சங்கு

பதினைந்தாம் நாள், கூரை போன பள்ளிக்கூடத்தில்
நகரசபை கூடியது.
கிழக்குச் சமாரில் அன்று வெயில், வெட்கமில்லாத வெயில்.
தார்ப்பாயில் தேங்கியிருந்த பழைய மழை
யாராவது குரலை உயர்த்தும்போதெல்லாம்
ஒரு மூலையில் ஒழுகியது.
நான் குறிப்பெழுதுகிறவள்.
இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தச் சபையில்
வாய் திறக்காதவள்.

மேயர் அபெலார்தோ எழுந்தார். சேறு காயாத செருப்பு.
"சங்கு ஊதியது. பன்னிரண்டு மணிக்கு, முழுதாய் மூன்று நிமிடம்.
அரசு செய்ய வேண்டியதைச் செய்தது."

எதிரணியின் கொன்சோர்சியா அம்மையார்
செத்தவர்கள் எத்தனை பேர் என்றார்.
நாற்பத்தொன்று என்றார் மேயர்.
எழுபத்தாறு என்றது அம்மையார் கையிலிருந்த பள்ளி நோட்டு.
மாகாணத்திலிருந்து வந்த அதிகாரி
அடையாளம் தெரியாத உடல் இன்னும் சாவு ஆகாது என்பதைக்
கனிவாக விளக்கினார்.
எழுதினேன்.

பிறகு அரிசி.
ஏழு லாரி, பாலத்துக்கு அக்கரையில், நான்கு நாள்.
பாலம் உடைந்ததாலா,
செனட்டர் வந்து தன் கையால் கொடுக்கட்டும் என்றா?
"பிணத்தின் மேல் அரசியல் செய்யாதே."
"நீங்கள் செய்த அரசியலில்தானய்யா பிணம்."
வெளியே வரிசையில் நின்ற ஒருத்தி
ஜன்னல் இருந்த ஓட்டை வழியே தலையை நீட்டி
பெட்டிக்கு ஆணி எப்போது வரும் என்று கேட்டாள்.
பெயர் கேட்க நிமிர்ந்தேன்.
வரிசை நகர்ந்துவிட்டது.

பேச்சு மறுபடி சங்குக்கே வந்தது.
ஊதியதா? ஊதியது.
அப்படியானால் ஏன் ஒருவரும் ஓடவில்லை?
"ஜனங்களுக்கு அறிவில்லை" என்றது ஒரு குரல்.
எவருடையது என்று தெரியும். எழுதவில்லை.

உப்புநீரில் ஊறிப் பருத்த பழைய கட்டிலிருந்து
அப்போதுதான் அந்தத் தாளை உரித்தெடுத்தேன்.
தீர்மானம் பத்தொன்பது, மூன்று ஆண்டுக்கு முந்தையது:
அபாயச் சங்கு பழுதின்றி உள்ளதா என்றறிய
திங்கள்தோறும் நண்பகல் பன்னிரண்டுக்கு
மூன்று நிமிடம் ஊதிப் பார்க்கப்படும்.
முன்மொழிந்தவர், அன்று வெறும் உறுப்பினரான அபெலார்தோ.
வழிமொழிந்தவர் கொன்சோர்சியா.
எதிர்ப்பு இல்லை. கைதட்டல்.
கீழே நீல மசியில் என் கையெழுத்து, கலையாமல்.

புயல் இரவுக்குத்தான் என்றிருந்தார்கள்.
கடல் நண்பகலுக்கே வந்தது.
திங்கட்கிழமை.

என் தம்பி ருஃபினோ துறையில் படகுக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தான்.
சங்கு கேட்டு நிமிர்ந்தான்,
கைக்கடிகாரத்தை இரண்டு நிமிடம் முன்னே திருகினான்.
தென்னையில் ஏறித் தப்பித்தவன் சொன்னது.
ருஃபினோ வாரந்தோறும் செய்வதுதான்.
அந்தச் சங்குக்குத்தான் ஊரே
பிள்ளைகளைச் சோற்றுக்குக் கூப்பிடும்,
சீட்டாட்டத்தில் ஒரு கையை முடிக்கும்.
நூற்றைம்பது திங்கள் ஊதி ஊதி
ஓடாமலிருக்கப் பழக்கியிருந்தோம்.

மூன்றாம் நாள் அந்தக் கடிகாரத்தால்தான் அவனை அறிந்தேன்.
ஓடிக்கொண்டிருந்தது. மணி மிகச் சரி.
ஆகவே அவன் நாற்பத்தொன்றில் இருக்கிறான்.

எழுந்து தாளைப் படித்தேன்.
என் குரல் இப்படியிருக்கும் என்று எனக்கே தெரியாது.
மேயர் மேசையின் ஆணியடித்த காலைப் பார்த்தார்.
கொன்சோர்சியா அம்மையார் நோட்டை மூடினார், திறந்தார்.
அதிகாரி, "இது குறிப்பில் வரவேண்டுமா?" என்றார்.

இதனால் லாரிகள் நின்றது பொய்யாகாது, ஐயா.
நாற்பத்தொன்று எழுபத்தாறாகும்வரை
அந்த அம்மாள் கத்தட்டும். கத்தத்தான் வேண்டும்.
கத்தும்போது நம் இருவர் பெயரையும் சேர்த்துக்
கத்தட்டும் என்கிறேன்.

அன்றும் திங்கள். பன்னிரண்டு ஆயிற்று.
சங்குக் கம்பம் கடலுக்குள் குப்புறக் கிடந்தது.
ஆனாலும் வரிசையில் நின்றவர்கள் உட்பட
எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தினோம்.

பிற்பகல் ஒன்று பத்துக்குச் சபை கலைந்தது.
ஆணி குறித்து
முடிவெதுவும் எடுக்கப்படவில்லை.